பார்லிவைனின் முதல் மிடறும் மூன்றாம் மிடறும்

ஐயா, அம்மையீர், வணக்கம். இதை வாசிக்கும் தாங்கள் என்னைப் பற்றி ஒன்றை முதலில் அறிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எழுத்தை நானாகவே கற்றேன். ஆனால் என் நாக்கு பயின்ற நாக்கு. தென்காசியில் அரிஷ்டம் தயாரிக்கும் ஒரு மருந்துச் சாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்தேன். அரிஷ்டம் என்பது கஷாயத்தில் வெல்லம் சேர்த்து, மூடிப் புளிக்க வைக்கும் மருந்து. ஒவ்வொரு பானையையும் திறந்து, கசப்பு அடங்கியதா, புட்டியில் அடைக்கலாமா என்று சொல்லும் பொறுப்பு எனக்கிருந்தது. நான் ஆகாது என்றால் அந்தப் பானை சாக்கடைக்குப் போகும். ஆகையால் மூன்று மிடறு குடிக்காமல் எந்தப் பானையைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை. முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டுமே.

இந்த வழக்கத்தை வாழ்நாளில் ஒருமுறை மீறினேன். இந்த ஆண்டுச் சாரல் பருவத்தில், அருவியில் குளிக்கப் போய் ஐந்தருவிச் சாலையில் எடுத்திருந்த விடுதியறையில், என் தங்கை மகன் விஷயத்தில் மீறினேன். அந்தக் கோபம் இன்னும் என் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்கிறது.

என் மருமகன் பெங்களூரில் பீர் தயாரிக்கும் ஒரு சிறிய ஆலையில் பணியாற்றுகிறான். முப்பது வயது. வேதியியல் படித்தவன். அவனுடைய தகப்பனார், என் தங்கை கணவர், காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் கள்ளச்சாராயப் பானைகளை உடைத்தே பெயர் வாங்கியவர். மாலை ஆறு மணிக்கு மேல் பிராந்தி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் உண்மை. இவ்விரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடியிருக்கின்றன என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. மகன் ஜூஸ் கம்பெனியில் இருப்பதாகவே உறவினரிடம் சொல்லி வந்தார்.

"ஊர்ல பாதிப் பானைய இந்தக் கையால ஒடைச்சவன் மச்சான் நான். எம் மவன் சாராயம் காய்ச்சுதாம்னு எவன்ட்டச் சொல்ல?" என்று, அறைக்கு வந்து சேர்ந்த அன்று என்னிடம் கேட்டார்.

"சாராயம் இல்லப்பா. பார்லிவைன். நானே போட்டது. ஒரு வருசம் வச்சிருந்து கொண்டாந்திருக்கேன்," என்றான் மகன். அவன் பையில் இரண்டு புட்டிகள் இருந்தன. பெயரில் வைன் என்று இருந்தாலும் அதில் திராட்சை கிடையாது. முளைகட்டிய பார்லியில் செய்த பீர்தான், சாதாரண பீரைப்போல் இரு மடங்கு வீரியம். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை அதில் தாராளமாகப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

தகப்பனார் அப்போது ஒரு பந்தயம் வைத்தார். "ஒங்க மாமா ஜென்மத்துல குடிச்சவரு இல்ல. அவரு நாக்கு நல்லாருக்குன்னு சொல்லட்டும், நீ பெங்களூருக்குப் போ, நான் வாயத் தொறக்கல. ஆகாதுன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரணும். சம்மதமால?"

"சம்மதம். மாமா சொல்லுததுதான் கடைசி," என்றான் அவன். என் நாக்கை நம்பித் தன் பிழைப்பைப் பணயம் வைத்தான்.

மறுநாள் காலையில் நான் வெற்றிலை தொடவில்லை. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, அருவியில் குளித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையப் பனிக்கட்டி. அதற்குள் கழுத்துவரை புதைந்து ஒரு புட்டி. மருமகன் வெளிறிப் போய் நின்றான்.

"என்னப்பா இது? ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா?"

"பீர்னா ஜில்லுன்னுதாம்ல இருக்கணும். எனக்குப் பாடம் எடுக்கியா?"

"அரை மணி நேரம் பொறுங்க, குளிர் விடட்டும்."

"பரீட்சைக்கு வந்துட்டு டைம் கேக்கான் பாருங்கவே," என்றார் தகப்பனார், உடன் வந்திருந்த பழைய சகாக்கள் இருவரையும் பார்த்து. அவர்கள் சிரித்தார்கள்.

நான் பொறுத்திருக்க வேண்டும். மருந்துச் சாலையில் மழைக்குளிரில் கிடந்த பானையைக்கூட வெயிலில் வைத்துக் குளிர் போக்கிய பிறகே ருசித்தவன் நான். ஆனால் நான்கு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சத்தில் எவர்சில்வர் தம்ளரை எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டேன். மணமே இல்லை. நாக்கு மரத்தது. "வெறுங் கசப்பாத்தான் இருக்கு. வேற ஒண்ணும் தெரியல," என்று சொல்லிவிட்டேன்.

"முடிஞ்சு போச்சு!" என்று தொடையில் தட்டினார் அவர்.

தம்ளர் என் கைகளுக்குள் இருந்தது. பழக்கத்தால் உள்ளங்கைகள் தாமாகவே அதைப் பொத்திக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து மணம் எழுந்தது. முதலில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினாற்போல; பிறகு குங்கிலியப் புகைபோல. இரண்டாம் மிடறில் கருகும் பதத்திற்குக் காய்ந்த கருப்பட்டிப் பாகும், உலர்ந்த திராட்சையும் வந்தன. மூன்றாம் மிடறில் கசப்பு வந்தது. நிலவேம்பின் கசப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு வஞ்சம் தீர்க்கும், இக்கசப்பு அவ்வாறன்று. இனிப்பு திகட்டப் போகும் இடத்தில் சரியாக வந்து நின்று அதை வெட்டியது. குற்றமும் உண்டு. தொண்டையின் கடைசியில் சற்றே எரிந்தது. இன்னும் ஓர் ஆண்டு இருந்தால் அந்த எரிச்சல் பாகுக்குள் ஒடுங்கிவிடும். இது தேர்ந்த கையின் வேலை.

"மாப்ள, இப்பதான் மூணு மிடறு ஆச்சு. இதான் தீர்ப்பு. நல்லா போட்டிருக்கான்," என்றேன் தங்கை கணவரிடம்.

"கூண்டுல ஏறிச் சொன்னா சொன்னதுதான் மச்சான். பிறழ்சாட்சி ஆயிராதிய."

"மூணு மிடறு குடிக்காம நான் எதையும் சொன்னதில்லவே."

"மூணு மிடறு உள்ள போனா எனக்குங்கூடத்தான் எல்லாம் நல்லாருக்கும்!"

அறையே சிரித்தது. மதுவை நாடாத என்னை ஒரே வார்த்தையில் குடிகாரனாக்கிவிட்டார். அத்தோடு நில்லாமல் இரண்டாவது புட்டியையும் திறந்து, கலர் சோடாவைக் கலந்து, சகாக்களுடன் குடித்தார். "ஏ, நல்லாத்தாம்வே இருக்கு," என்று அவர்களில் ஒருவர் உதட்டைத் துடைத்தார். அது மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஓராண்டு காத்து வைத்த பொருளின் அடிவண்டல் வரை குலுக்கிக் குடித்துவிட்டு, அதைச் செய்தவனை வேலையை விடச் சொன்னார்கள்.

மருமகன் என் அருகில் வந்தான். "பரவால்ல மாமா. குளிர்ல அது அப்படித்தான் இருக்கும். நீங்க பொய் சொல்லல."

அவன் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் என் கோபம் அவர்கள்மீது மட்டும் நின்றிருக்கும். அவன் கட்டிலில் அமர்ந்து, கைபேசியில் ராஜினாமாவைத் தட்டச்சு செய்து, தகப்பனாரிடம் காட்டிவிட்டு அனுப்பினான். வாக்குக் கொடுத்தவன் அவன் ஒருவனே என்பதுபோல நடந்துகொண்டான்.

அவன் ஆலையை விட்டு வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அங்குள்ள மேலாளர் அவனை நிறுத்திக்கொள்ள விரும்புகிறாராம்; இவன்தான் வாக்கு என்கிறான். ஆகவே இதை இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்றை, என் தீர்ப்பு ஆகாது என்பதன்று, ஆகும் என்பதே என்று கையொப்பமிட்டு மருமகனுக்கு அனுப்பிவிட்டேன். என் முதல் மிடறு தீர்ப்பன்று. அதைத் தீர்ப்பென்று சொல்லுகிறவர் எவராயினும் பொய் சொல்லுகிறார்.

மற்றொன்று தங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.