தள்ள நாலு பேர், நிறுத்த எத்தனை பேர்?

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை சூப்ரவைசர் தியாகராஜன் சார் எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து டிராலிக்கு ரெண்டு பேர் போதும், கடைசியாகச் சேர்ந்த ரெண்டு பேர் வர வேண்டாம் என்றார். கடைசியாகச் சேர்ந்தது நானும் செல்லம்மா அக்காவும்.

எனக்கு ஆண்டிமடம். முந்திரி சீசன் முடிந்துவிட்டால் அங்கே எனக்கு வேறு வேலை கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் என்றாலும் யார் முன்னாலும் நின்று நாலு வார்த்தை பேச வராது. அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

எங்கள் வேலை இதுதான். கல் வெட்டும் இடத்தில் இரும்பு டிராலியில் லோடு ஏற்றுவார்கள். நாங்கள் நாலு பேரும் அதைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய், கல்லை உடைக்கிற கிரஷர் பள்ளத்துக்குப் பத்தடி முன்னால் நிறுத்த வேண்டும். டிராலிக்கு பிரேக் கிடையாது. பின்னால் கட்டியிருக்கும் வடத்தை நாலு பேரும் பிடித்துக்கொண்டு மல்லாக்கச் சாய்வோம். சக்கரத்தில் கட்டை கொடுத்தால் டிராலி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். அப்புறம் அதைத் தூக்கி வைக்க ஒரு ஊரே வேண்டும்.

தியாகராஜன் சார் திருச்சியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். ஆனால் அவருடைய நாற்காலி பாதையின் பாதித் தூரத்தில், ஓரமாகப் புங்கமர நிழலில் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் டிராலி தானாக ஓடுவது போலவும், நாங்கள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஊர்வலம் போவது போலவும்தான் தெரியும்.

“பாரத்தைத் தண்டவாளம் தாங்குது. உங்க கையா தாங்குது? நாலு பேரும் கதை பேசிக்கிட்டுல்ல நடக்குறீங்க” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. எடையைத் தண்டவாளம்தான் தாங்குகிறது. ஆனால் அந்தக் கல்லின் நிறை எங்கேயும் போய்விடவில்லை. நின்றுகொண்டிருப்பதைக் கிளப்பவும் விசை வேண்டும், ஓடுவதை நிறுத்தவும் விசை வேண்டும். நடுவில் மட்டும்தான் சும்மா. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது என் மண்டைக்குள் ஓடியது, வாய்க்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற கலியமூர்த்தி அண்ணன் காதில் மட்டும், “ஒரு தடவை சார் நிறுத்திப் பாக்கட்டும்ணே” என்று முணுமுணுத்தேன்.

கலியமூர்த்தி அண்ணனுக்கு ஜெயங்கொண்டம். பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் கும்பகோணம் பஸ்ஸே திரும்பி வரும், அப்படி ஒரு தொண்டை.

“சார், இந்தப் புள்ள என்னமோ சொல்லுதுங்க. நீங்க ஒத்த ஆளா வண்டிய நிறுத்திட்டீங்கன்னா நாங்க நாலு பேருமே வூட்டுக்குப் போயிடுறோங்க.”

நாலு பேரும் என்று நான் சொல்லவே இல்லை. செல்லம்மா அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது.

சார் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். கிரஷர் பக்கம் வேண்டாம், புங்கமரத்துக்கிட்டேயே பார்க்கலாம் என்று நான் அண்ணனிடம் சொல்ல, அவர் சாரிடம் சொன்னார். தரையில் ஒரு கோடு கிழித்தோம். அங்கிருந்து பத்தடியில் ஒரு கல்லை வைத்தோம். கோட்டில் நாங்கள் கையை எடுத்துவிடுவோம், கல்லைத் தாண்டுவதற்குள் சார் நிறுத்த வேண்டும்.

முதலில் காலி டிராலி. சார் வடத்தைப் பிடித்து ரெண்டு எட்டு வைத்தார், அது நின்றுவிட்டது. அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “அவ்வளவுதான?” என்றார்.

“சார் ஜெயிச்சிட்டாரு. நான் வூட்டுல போயி அடுப்பத் தள்ளுறேன்” என்றார் செல்லம்மா அக்கா.

அடுத்தது லோடு டிராலி. ஒன்றரை டன்னுக்குக் குறையாத கல். நாலு பேரும் தம் கட்டித் தள்ளித்தான் அது அசைந்தது. பிறகு எப்போதும் ஓடுகிற வேகத்துக்கு வந்தது. கோட்டில் கையை எடுத்தோம். ஆனால் வடத்தின் வால் தரையில் இழுபட்டு வந்தது, அதன் பக்கத்திலேயே நாங்களும் ஓடினோம். சாரால் முடியாவிட்டால் நாம் பிடிக்க வேண்டும் என்று அதை மட்டும் நான் முன்கூட்டியே மற்ற மூவரிடமும் சொல்லியிருந்தேன்.

சார் சாய்ந்து பார்த்தார். பலமாகத்தான் சாய்ந்தார். டிராலி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சுண்ணாம்புப் பொடியில் அவருடைய தோல் ஷூ ரெண்டு கோடு இழுத்துக்கொண்டே போனது. கல்லைத் தாண்டியது. இன்னும் பத்தடி போனது. வடத்தை விட வெட்கப்பட்டாரோ என்னவோ, விடவில்லை. கடைசியில் பொடிக்குள் உட்கார்ந்தபடியே போனார்.

“பிடிங்கடா” என்றார் கலியமூர்த்தி அண்ணன். நாலு பேரும் வடத்தில் விழுந்தோம். டிராலி முனகிக்கொண்டு நின்றது.

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. பேன்ட் முழுக்க வெள்ளையாக உட்கார்ந்திருந்த சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. எல்லோருக்கும் வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

“ஏம்ப்பா, நாலு பேரு போதுமா? இல்ல அஞ்சாவதா ஒரு ஆளு போடணுமா?” என்றார்.

அப்புறம்தான் சிரித்தோம். முதலில் சிரித்தது செல்லம்மா அக்கா. திங்கட்கிழமை நாங்கள் நாலு பேரும் வேலைக்கு வந்தோம்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது டிராலிகளை டீசல் எஞ்சின் இழுக்கிறது, அதற்குப் பொறுப்பு நான்தான். புதிதாக வருகிற டிரைவர்கள் முதலில் என்னோடுதான் பாதையைப் பார்க்க வருவார்கள். எஞ்சின் என்ன வேகம் போகும், எத்தனை டிராலி இழுக்கும் என்று ஆசையாகக் கேட்பார்கள். எனக்கு இன்னமும் அதிகம் பேச வராது. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இவ்வளவு லோடோடு வருகிறாய், எந்த இடத்தில் நிறுத்த ஆரம்பிப்பாய்? அந்த இடத்தைக் கையை நீட்டிச் சரியாகக் காட்டுகிற ஆளிடம்தான் சாவியைக் கொடுப்பேன்.