தட்டுகளை வெட்டமாட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை பேர்ண் நகரத்தில் ஒரு கதைக்காகச் சண்டை பிடித்தேன். என்னுடைய கதைக்காகத்தான். அதுவும் எனக்கு நல்லதையே நினைக்கிற ஒரு மனிதரோடு.

நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் என் சிநேகிதி மலர் வீட்டில் கூடுவோம். அவரவர் எழுதியதை வாசித்துக் காட்டுவோம். ஒரே ஒரு சட்டம் — மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. அகதியாக வந்த நாட்டில் எங்கு போனாலும் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறோம், இங்கேயுமா என்று முதல் நாளே கேட்டேன். இருந்து பார், பிறகு சொல் என்றாள் மலர்.

இருந்து பார்த்தேன். வலித்தது... ஆனால் எழுத்து தேறியது.

எங்களில் குணசீலன் அண்ணை ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவுகிறார். நாங்கள் போட்டோக்கொப்பி எடுத்து விடுகிற சஞ்சிகைக்கு அவர்தான் ஆசிரியர். ஒருமுறை பனியைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். அதில் நிலா வந்தது, முல்லை வந்தது, பால் வந்தது. எல்லாம் இருக்கிறது, பனி எங்கே அண்ணை என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போயிற்று. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அடுத்த முறை அதே கவிதையைப் பாதியாக்கிக் கொண்டுவந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவனின் சப்பாத்துக்குள் பனி மெல்ல இறங்குகிறது — அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் கதைகளை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் தேவையில்லாத இடமெல்லாம் நிலா! அடுத்தவர் எழுத்தில் பிழை பிடிக்கப் போகும்போதுதான் நம்முடைய பிழை கண்ணில் படுகிறது. இல்லையா?

போன ஞாயிறு என் முறை. கதை இதுதான். ஒருவன் ஊரிலுள்ள தாய்க்குக் கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்புகிறான். தனக்கு ஒஃபிசில் வேலை என்கிறான். உண்மையில் ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கும், என்னைப் போல, ஆஸ்பத்திரிச் சமையலறையில் அதே வேலை. அவள் ரெக்கோடரை வாங்கி, மாமி, நாங்கள் இரண்டுபேரும் தட்டுத்தான் கழுவுகிறோம், சுகமாக இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறாள்.

வாசித்து முடித்தேன். குணசீலன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அவள் கதைச்சு முடிஞ்ச பிறகு ஒரு பக்கத்துக்கு அழுகை வருது. அவள் அழேல்லை. நீங்கள்தான் அழுறியள்."

சரிதான். அந்த இடத்திலேயே முழுப் பக்கத்தையும் பேனையால் கீறி வெட்டினேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. அந்தத் தட்டுக் கழுவுகிற வேலையை எடுத்துவிடலாம் என்றார். கடையில் வேலை என்று போட்டாலும் கதை ஓடுமாம்.

சட்டத்தை மீறினேன். ஏன் என்று கேட்டேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "சஞ்சிகை ஊருக்கும் போகுது. அம்மா வாசிப்பா. நான் பாங்கில வேலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்துக்காகக் கதையைக் கொடுக்க முடியுமா? உயிரோடு இருக்கிறோம், உழைத்துச் சாப்பிடுகிறோம் — இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"அண்ணை, வசனம் பிழையெண்டால் எவ்வளவும் வெட்டுங்கோ. தட்டை வெட்ட விடமாட்டன்."

அப்படியென்றால் சஞ்சிகையில் போட முடியாது என்றார். கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மலரும் சஞ்சிகைக்குக் கொடுத்திருந்த தன் கட்டுரையைத் திருப்பிக் கேட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாந்தி, உன்ர கடைசிப் பந்தியும் தேவையில்லை. மாமியிட்டச் சொன்னதோட முடி."

பாருங்கள்... எனக்காகச் சண்டைக்கு வந்தவளும் சலுகை தரவில்லை! அவள் சொன்னதும் சரி. அதையும் வெட்டினேன்.

எழுத்து நன்றாக வரவேண்டும் என்று சொல்கிறவரும், அது வெளியே வரவே கூடாது என்று சொல்கிறவரும் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்கள். சிலவேளை இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் சொன்னபடி திருத்தினால் கதையில் உண்மை கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும்போது டிராமில் குணசீலன் அண்ணை ஏறினார். என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்க வேண்டிய இடம் நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"அம்மாவுக்கு எழுதிப்போட்டன். இங்க என்ன வேலை செய்யிறன் எண்டு."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"கதையைத் தாங்கோ. மலரின்ரையையும் வாங்கித் தாங்கோ." கதவு திறந்தது. இறங்கும்போது திரும்பினார். "ஆனா தலைப்பு சரியில்லை."

தலைப்பைப் பற்றி யோசிக்கலாம். தட்டுகள் அப்படியே இருக்கும்.