மூன்று முறை கேட்டேன்

தம்பி புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்த மூன்றாம் நாள், மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூளை செத்துப்போச்சுங்க. இனிமே திரும்பாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு வுடுறானே சார்?"

"அது மெஷின் விடுற மூச்சுங்க."

எனக்கு எந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காது. "எனக்கு மூளை செத்துப்போச்சுன்னு வாத்தியாரு ரெண்டாங்கிளாஸ்லயே தொரத்திட்டாரு சார். நான் இன்னும் சோறு துன்னுகினுதான இருக்கேன்?"

டாக்டர் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு மேடம் என்னையும் தம்பி பெண்டாட்டியையும் சின்ன ரூமில் உட்காரவைத்தார். உறுப்பு தானம் பற்றிப் பேசுவதுதான் அவர் வேலை. தம்பியின் கிட்னி, ஈரல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நெஞ்சு நிற்பதற்குள் கொடுத்தால் நாலைந்து பேர் பிழைப்பார்களாம்.

"அவர் இதப்பத்தி எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"இன்னா கொழம்புன்னு கேப்பான் மேடம். வேற எதுவும் பேசமாட்டான்."

"சில நாட்டுல, வேணாம்னு முன்னாடியே எழுதி வைக்கலன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. இங்க அப்படியில்ல. குடும்பம் சொல்லணும்."

"அதெல்லாம் எங்க மலை மாதிரி நாடு போல" என்றேன்.

எங்கள் ஊரில் நிலப் பங்கோ, திருவிழாவோ, கல்யாணமோ, கூட்டத்தில் மூன்று முறை கேட்போம். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று பெரியவர் வெற்றிலையைக் கையில் எடுத்துவிடுவார். முடிந்தது.

தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினேன். "இன்னாம்மா, குடுத்துடலாமா?" பேசவில்லை. "நாலு பேரு பொழைப்பாங்களாம்மா, குடுக்கலாமா?" தரையைப் பார்த்தாள். "கடைசியா கேக்குறேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சம்மதம்ங்க மேடம். காயிதத்தக் குடுங்க. கைநாட்டு வெக்கிறதுல என்ன அடிச்சிக்க ஆளே இல்ல."

மேடம் பேனாவை மூடினார். "அவங்க ஒண்ணுமே சொல்லலியே."

"அதாங்க சம்மதம்."

"அது உங்க சம்மதம். இவங்கதான் மனைவி." மேடம் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. வேணாம்னாலும் யாரும் கோச்சுக்கமாட்டாங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்களுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. மூன்று தடவையையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவோம்.

"வேணாம்" என்றாள். "முழுசா மண்ணுக்குப் போவட்டும்."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "என்னப் பொண்ணு கேக்க வந்தப்பவும் நீங்கதான் மாமா மூணு தடவ கேட்டீங்க. நான் சரின்னு நெனச்சிப் பேசாம இருக்கல. பயந்துகினு பேசாம இருந்தேன்."

அன்றைக்கு, "பேசாத பொண்ணு கெடைக்க என் தம்பி குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொன்னேன். ஊரே சிரித்தது. இவள் சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த முகமே ஞாபகத்துக்கு வரவில்லை.

மேடம் காகிதத்தை மடித்தார். "சரிம்மா." அவ்வளவுதான். எங்கேயோ யாரோ இதற்காகப் படுக்கையில் காத்துக்கிடப்பார்களே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம், மெஷின் ஓடும்போதே தம்பியின் நெஞ்சு நின்றது. உடம்பைக் கேட்டால் போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். மரத்திலிருந்து விழுந்த சாவு, அறுத்துப் பார்த்துத்தான் தருவார்களாம்.

"தம்பி பொண்டாட்டி வேணாம்னு சொல்லிட்டா சார்" என்றேன்.

"இது உங்களக் கேட்டுச் செய்யற வேல இல்லய்யா."

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வண்டி மலை ஏறும்போது துணி விலகி, கழுத்துக்குக் கீழே சாக்குத் தைத்த மாதிரி தையல் தெரிந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு யாரும் என்னக் கேக்கலியே மாமா?"

நான் துணியை இழுத்து மூடினேன். இரண்டு வளைவு தாண்டியிருக்கும்.

"எப்படியும் அறுத்துட்டாங்க. இப்ப குடுத்தா அந்த நாலு பேருக்கு ஆவுமா?"

"ஆவாதும்மா" என்றேன்.