தலை நனைந்த ஞாயிறு

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று ஒரு சொலவடை உண்டு. அதைச் சொன்ன புண்ணியவானுக்கு, கடல் கடந்த ஒரு தீவில் இருக்கும் பயாகுவானா ஊர்ப் பெண்களைத் தெரியாது. இவர்கள் மலை போனால் போகட்டும் என்பார்கள். முடி கலைந்தால் அந்த வாரமே போச்சு.

சனிக்கிழமை ரோலர் சுற்றி, டிரையருக்கு அடியில் காது சிவக்க உட்கார்ந்து, பிரஷ்ஷும் சூடுமாக இழுத்து இழுத்து நேராக்கிய முடி. அடுத்த சனிக்கிழமை வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. மழை பிடித்தால் இவர்கள் குடையைத் தேட மாட்டார்கள், தலையில் மாட்ட பிளாஸ்டிக் பையைத் தேடுவார்கள். உடம்பு நனைந்தால் என்ன, காய்ந்துவிடும். தீவில் பிறந்தவர்கள்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போகும். ஆண்களும் பிள்ளைகளும் அலையில் புரளுவார்கள். பெண்கள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

தில்சியா பெகேரோ இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது தெற்குக் கரையில், மீன்பிடிக்கிற குடும்பத்தில். நடை பழகும் முன்பே நீந்தினாள் என்று அவள் அம்மா சொல்வாளாம். கொஞ்சம் கூட்டிச் சொல்வது அந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம். எட்டு வயதில், முதல் நற்கருணைக்கு அழகாக நிற்க வேண்டும் என்று தலையில் மருந்து தடவி முடியை நேராக்கினார்கள். இடது காதுக்குப் பின்னால் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதைவிடப் பெரிய வலி, அன்றிலிருந்து அவளைக் கடலுக்குள் விடாமல் பிடித்து வைத்ததுதான். தன் கைக்குக் கத்தரிக்கோல் வந்த நாளில் முதலில் தன் தலைமுடியைத்தான் வெட்டினாள். மருந்து தின்ற முடி எல்லாம் கீழே விழுந்தது. பிறகு முளைத்தது சுருண்டு, அடர்ந்து, தேங்காய் நார் போலத் தெம்பாக வளர்ந்தது. அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

வேடிக்கை என்னவென்றால், அவள் பிழைப்பு மற்றவர்கள் முடியை நேராக்குவது. ஊரில் அவளுடைய பார்லர்தான் பெரிது. “ஊருக்கு எண்ணெய் வடிய நேராக்கிவிட்டு, தன் தலையைக் காட்டுப் புதராக வைத்திருக்கிறாளே” என்று பேசாத வாய் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தில்சியா கவலைப்படவில்லை. கேட்டதைச் செய்வது தொழில், பிடித்ததைச் செய்வது தலை என்பாள். மார்பை நிமிர்த்தி நடப்பாள். தன் கைமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, பங்குச் சாமியாருக்குப் பரலோகத்தின்மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்த நம்பிக்கைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற அரெலிஸ், தில்சியாவின் நெடுநாள் வாடிக்கை. ஐம்பதைத் தாண்டியவள், பரம சாது. அவளுடைய தம்பி மகள் யுடெல்காவின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசையில் ஞானஸ்நானம். அரெலிஸ்தான் ஞானத்தாய். ஊர் கடற்கரைக்குப் போகிறதும் அதே ஞாயிறு. டிரையருக்கு அடியில் உட்கார்ந்து அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“யுடெல்கா மாமியார் தலைநகரத்துலேர்ந்து வராங்க. ஞானத்தாய் தலையை ஒழுங்கா வாரிட்டு வரச் சொல்லுன்னு ஆள் விட்டுச் சொல்லிருக்காங்க. நான் எப்பவும்போல மரத்தடியில உக்காந்து சோத்துப் பானைக்குக் காவல் இருக்கேன். சாயந்திரம் நேரா கோயில்.”

தில்சியா டிரையரை அணைத்தாள்.

“அக்கா, நீ கடைசியா எப்போ தலை நனைய முங்குன?”

“ஆத்துலயா?”

“எதுலயாவது.”

அரெலிஸ் யோசித்தாள். “ஏழு வயசுல. அப்புறம் எங்கம்மா ரோலர் வாங்கிட்டாங்க.”

பார்லரே சிரித்தது. அரெலிஸும் சிரித்தாள். தில்சியா மட்டும் சீப்பைக் கீழே வைத்தாள். தன்னைக் கடலிலிருந்து பிடித்து இழுத்த கை காதுத் தழும்பின்மேல் பட்டது போல இருந்தது.

“இந்த ஞாயித்துக்கிழமை நீ முங்குற. சாயந்திரம் கோயில்ல ஞானத்தாயா நிக்குற. ரெண்டும் நடக்கும். அந்தத் தலைநகரத்து அம்மா, இந்தத் தலையை யாரு பின்னுனதுன்னு கேக்கணும். கேக்கலேன்னா கடையை மூடிட்டு ரோட்டோரம் உக்காந்து பணியாரம் சுட்டு விக்கிறேன்.”

“உன் பணியாரத்தை எவடி தின்னுவா?” என்றாள் பெல்கிஸ். எதிர்வீட்டுக்காரி, எதையும் நம்பாதவள். “அரெலிஸு, இவ பேச்சைக் கேட்டு ஏமாந்துடாதே. அவங்க உன்னை வாசல்லயே நிறுத்திடப் போறாங்க.”

அரெலிஸ் முகம் சுருங்கியது. அவளுக்குக் குழந்தை இல்லை. யுடெல்காவை வளர்த்தவளே அவள்தான். ஞானத்தாயாக நிற்கும் நாளில் சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் தாங்க மாட்டாள். அது தில்சியாவுக்கும் தெரியும். தெரிந்துதான் வாக்குக் கொடுத்தாள். மாலைக்குள் அந்த வாக்கு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சனிக்கிழமை ரோலர்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். வந்தவர்களுக்கெல்லாம் பின்னல்தான். நீள முடிக்கு உச்சியில் ஒரு கொண்டை, மேலே பட்டுத் துணி. குட்டை முடிக்கு இரண்டிரண்டு புரியாக முறுக்கிய சின்னச் சின்னத் திரிகள். ரொம்பச் சோம்பேறிகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு நுனியை உள்ளே மடித்துவிட்டாள். வெயிலும் காற்றும் முதலில் கடிப்பது நுனியைத்தான். அரெலிஸுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். நடு வகிடு எடுத்து, தலையோடு ஒட்டி இரண்டு தடித்த பின்னல், நெற்றியிலிருந்து பிடரி வரை.

“சிரி, அக்கா.”

“எதுக்குடி?”

“சிரிச்சுப் பாரு. நெத்தி இழுக்குதா?”

“லேசா.”

அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். சிரிக்க முடியாத பின்னல் முடியை வேரோடு கொண்டுபோகும் என்பது அவள் கட்சி. இரண்டாம் முறை அரெலிஸ் நன்றாகவே சிரித்தாள்.

ஞாயிறு காலை பஸ் கிளம்பியது. ஸ்பகெட்டி அண்டா, ரொட்டி மூட்டை, வறுத்த வாழைக்காய், ஆண்களின் ஐஸ் பெட்டிகள், காதைப் பிளக்கும் பச்சாட்டா பாட்டு. பாதி வழியில் தூறல் போட்டது. டிரைவர் ஜன்னலை மூடச் சொன்னார். தில்சியா திரும்பிப் பார்த்தாள். பின்னலும் திரியும் கொண்டையுமாக அவள் ராப்பகலாக உழைத்த தலைகள் அத்தனையிலும் பிளாஸ்டிக் பை ஏறியிருந்தது. அரெலிஸ் தலையில் இரண்டு.

“அடிப் பாவிங்களா. கடல்ல முங்கப் போறீங்க. தூறலுக்குப் பை மாட்டுறீங்களே?”

“பழக்கம்டி” என்று முனகினாள் அரெலிஸ். பையை மட்டும் கழற்றவில்லை.

கடற்கரையில் இறங்கியதும் எல்லோரையும் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நல்ல தண்ணீரில் தலையை ஊற வைத்து, அதன்மேல் கிரீமும் தேங்காய் எண்ணெயும் தடவினாள். “நல்ல தண்ணி குடிச்சு வயிறு ரொம்புன முடி உப்புத் தண்ணி குடிக்காது” என்று ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை சொன்னாள். பெல்கிஸ்கூடக் குனிந்து தலையைக் காட்டினாள். அவள் நம்பிக் காட்டவில்லை, வரிசையில் இடம் போய்விடுமோ என்றுதான் காட்டினாள்.

கடலில் பெல்கிஸே முதலில் முங்கினாள். ஒருத்தி முங்கினால் போதாதா, மற்றவர்களும் கத்திக்கொண்டே முங்கினார்கள். அரெலிஸ் மட்டும் மார்பளவுத் தண்ணீரில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ தள்ளிவிட வந்தார்கள். தில்சியா அவர்களை முறைத்து விரட்டினாள்.

“விடுங்கடி. தள்ளிவிட்டா அது உங்க முங்கல், அவ முங்கல் இல்ல.”

அலை வந்தது, போனது. இன்னொன்று வந்தது. அரெலிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, கையை எடுத்தாள், மூக்கைப் பிடித்தாள், காணாமல் போனாள். தில்சியா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்தபோது அரெலிஸ் கண்ணைத் திறக்கவே இல்லை.

“உள்ள சத்தமே இல்லடி” என்றாள். “இவ்வளவு நாளா யாரும் சொல்லவே இல்லையே.”

அதற்குப் பிறகு அவளைக் கரையேற்ற ஆள் தேவைப்பட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. சோத்துப் பானை காவல் இல்லாமல் கிடந்தது. நாய் ஒன்று மூடியைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது.

கிளம்புகிற நேரத்தில்தான் இடி விழுந்தது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மேலே இருந்த தொட்டி காலி. கூட்டமான ஞாயிறு, எல்லோரும் குளித்துத் தீர்த்துவிட்டார்கள். அரெலிஸ் கரையில் நின்ற கொஞ்ச நேரத்தில் பின்னல் விறைக்கத் தொடங்கியது. வகிட்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அவள் தலையைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள்.

“தில்சியா, வீட்டுக்குப் போயி அலச நேரம் இருக்குதா?”

“இல்ல அக்கா. பஸ் நேரா கோயில் வாசலுக்குத்தான்.”

“அப்போ நான் போகல. தலைவலின்னு சொல்லிடு.” குரல் உடைந்தது. “வேற யாராச்சும் பிள்ளையைத் தூக்கட்டும்.”

தில்சியாவுக்குக் கடையை மூடுவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தான் தண்ணீருக்குள் இறக்கிவிட்டவள் தன்னால் கோயில் வாசலைத் தாண்ட முடியாமல் போவதா என்றுதான் பதறியது. சுற்றிலும் பார்த்தாள். மரத்தடியில் அவள் புருஷன் எலிகியோ கடைசி பீர் பாட்டில்களோடு ஐஸ் பெட்டிமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“எழுந்திரு.”

“எதுக்கு?”

“ஐஸ் உருகியிருக்கும்ல? அது நல்ல தண்ணிதானே?”

எலிகியோவுக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “ஏ, இதுல பீர் இருக்கு. வழியெல்லாம் சூடான பீரா குடிக்கச் சொல்றியா?”

“குடி. இல்லேன்னா குடிக்காத. எழுந்திருய்யா.”

பெண்கள் சும்மா நிற்கவில்லை. பெல்கிஸ் தலைமையில் போய் ஒவ்வொரு ஆணையும் எழுப்பி, அத்தனை ஐஸ் பெட்டிகளையும் இழுத்து வந்தார்கள். பாட்டில்கள் மணலில் அநாதையாக நின்றன. தில்சியா ஸ்பகெட்டி அண்டாவை மணலால் துலக்கி, உருகிய ஐஸ் தண்ணீரை அதில் துணியால் வடிகட்டி, அரெலிஸ் தலையில் ஊற்றினாள்.

“ஐயோ, மூளை உறையுதுடி.”

“உறையட்டும். இன்னைக்கு உனக்கு முகம் போதும்.”

பின்னலை அவிழ்க்காமல், வகிடு வகிடாக விரல் நுனியால் தேய்த்து உப்பைக் கழுவினாள். பஸ் ஓட ஓட, பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துப் பின்னல்மேல் நீவினாள். இரண்டு பின்னலையும் தலைக்குமேல் குறுக்கே கொண்டுபோய்க் கிரீடம் மாதிரி வளைத்து ஊசி குத்தினாள். டிரைவர் பள்ளத்தில் இறக்கிய போதெல்லாம் அவருடைய பரம்பரையையே இழுத்தாள். கடற்கரை வேலியில் பறித்த காகிதப்பூ ஒன்றைக் காதோரம் வைத்தாள் பெல்கிஸ்.

“சிரி, அக்கா” என்றாள் தில்சியா.

அரெலிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

வாசலில் யுடெல்காவின் மாமியார் இவோன் அம்மா நின்றாள். தலைநகரத்து முடி, ஒரு இழைகூட அசையாத முடி. அரெலிஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மறுபடி மேலே வந்து பின்னலில் கண் நின்றது. வெயிலில் மின்னிய கருப்பு, நேர் வகிடு, சிவப்புப் பூ.

“இதை யாரு பின்னுனது?” என்று கேட்டாள்.

மெச்சிக் கேட்டாளா, இளக்காரமாகக் கேட்டாளா என்று பெல்கிஸுக்கும் தில்சியாவுக்கும் இன்றுவரை தகராறு. கேட்டாள், அது போதும் என்பது தில்சியாவின் வாதம். கடை மூடப்படவில்லை, பணியாரமும் சுடப்படவில்லை. ஊர்ப் பெண்கள் ஈரத் தலையோடு, கால்களில் மணலோடு பின்வரிசைகளில் வந்து உட்கார்ந்தார்கள்.

சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீரிட்டு அழுதது. இவோன் அம்மா பதறித் துண்டோடு ஓடி வந்தாள்.

“தொடைங்க, சீக்கிரம் தொடைங்க. தலை நனையுது.”

அரெலிஸ் குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். துண்டு அந்தரத்தில் நின்றது. அவள் குனிந்து, அந்தச் சின்னச் சுருட்டை முடியில் வழிந்த தண்ணீரோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் பின்வரிசைவரை கேட்டது.

“அழாதடி கண்ணு. எனக்கும் இன்னைக்குத்தான்.”