விரல் இல்லாத கிளி

பூந்தமல்லிக் கடைத்தெருவில் கோதண்டம் என்று ஒரு பல்பொடி வியாபாரி இருந்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஆண்டவன் அவனுக்கும் மூளை என்று ஒன்றைக் கொடுத்துத்தான் இருந்தான்; அடுத்தவர் கடையை எட்டிப் பார்க்க மட்டும் அதைச் செலவழித்தான், தண்டம்.

அதே தெருவில் ரசூல் பீவியின் கிளிப் பல்பொடிக்கு நல்ல பெயர். காலமான கணவர் தஸ்தகீர் மரக்கட்டையில் செதுக்கி வைத்த கிளியைத்தான் பொட்டலக் காகிதத்தில் பீவி அச்சிடுவார். காட்டுப்பாக்கத்திலிருந்து வரும் பெண்களுக்கு எழுத்து தெரியாது; கிளியைப் பார்த்து வாங்குவார்கள். பீவிக்குச் சோறு போட்டது அந்தக் கிளிதான்.

கோதண்டம் அந்தக் காகிதத்தை அச்சுக்கடைக்குக் கொண்டுபோய், கிளியை மறுபக்கம் திருப்பி மட்டும் அடித்து வாங்கினான். பொட்டலத்துக்குள் செங்கல் தூள். ஈறு கிழிந்தவர்கள் பீவியின் வாசலில் வந்து நின்று திட்டினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பீவி கோர்ட்டுக்குப் போனார்.

வியாபார முத்திரையை அரசாங்கத்தில் பதிந்துகொள்ள அப்போது தனிச்சட்டம் வரவில்லை. ஆனாலும், முதலில் சந்தையில் புழங்கவிட்டவருக்கே முத்திரை சொந்தம். அதுபோல ஒன்றை வேறொருவர் போட்டு, வாங்குகிறவர்களை ஏமாற்றக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் புரியும் இந்த நியாயம் கோதண்டத்தின் மண்டையில் ஏறவில்லை.

"அவங்க கிளி கெயக்கால பாக்குது, என்து மேக்கால பாக்குது எசமான். நானே சொந்தமா வரைஞ்சது," என்று கூண்டில் நின்று கூசாமல் சொன்னான்.

பீவி மரக்கட்டையை நீதிபதியிடம் நீட்டினார்.

"எங்க ஊட்டுக்காரரு கையிலேர்ந்து இது கீய உய்ந்து, கிளி கால்ல ஒரு விரலு ஒட்ஞ்சிபோச்சு எசமான். இவரு கிளிக்கும் அதே விரலைக் காணோமே. இன்னா ஆச்சுன்னு கேளுங்க."

நீதிபதி கேட்டார். கோதண்டம் தலையைச் சொறிந்தான்.

"கிளிக்கு அவ்ளோதான் விரலு எசமான்."

கோர்ட்டே சிரித்தது. அவன் காகிதங்களை எல்லாம் கொளுத்தச் சொல்லித் தீர்ப்பானது. காட்டுப்பாக்கத்துப் பெண்கள் பீவியின் கடைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம் கோதண்டம் தன் கையாலேயே ஒரு சேவலை வரைந்து பொட்டலத்தில் போட்டான். "சேவல் என்து, எவனும் கை வைக்கக் கூடாது," என்று தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மிரட்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வாழ்நாளில் அவன் சொந்தமாகச் செய்தது அது ஒன்றுதான். கடைசி வரை அதை யாரும் திருடவில்லை.