மருந்து குடிச்சியா

பெப்பர்மின்ட் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கோபம் வரும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் குழந்தை மிட்டாயை வாயில் உருட்டினால் போதும். பாட்டிலில் இருந்து தக்கை பிடுங்கும் சத்தம் காதில் விழும். அப்பாவின் கை தெரியும்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையில் துணிப்பட்டை சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கிக் காற்றடித்து, பாதரசம் ஏறியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். யுத்த காலம்; மருந்து கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு கொடுத்தார். ஒன்று சர்ப்பகந்தி வேரைப் பொடித்துச் செய்த மாத்திரை, கொதிப்பைத் தணிக்க. இன்னொன்று நாங்கள் கொண்டுபோன பாட்டிலில் கம்பவுண்டர் ஊற்றித் தந்த மிக்சர், தூங்க வைக்க. அதன் உவர்ப்பை மறைக்கத்தான் பெப்பர்மின்ட். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல்பல்லாய் வெட்டிய காகிதத்தைப் பாட்டில்மேல் ஒட்டியிருந்தார். ரெண்டும் சேர்ந்தால்தான் கேட்கும், ஒன்றை விட்டு ஒன்றைக் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். கூடவே அப்பாவிடம், அந்த அம்மா கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அம்மாவின் நியாயமெல்லாம் நோயாகிவிட்டது. மாட்டுக்கு ஏன் தண்ணீர் காட்டவில்லை என்று கேட்டால் நோய். கிணற்றடியில் ஒருத்தி சொன்ன சொல்லுக்குப் பதில் சொன்னால் நோய். அவள் பேச்செடுத்தாலே அப்பா குரலை உயர்த்தாமல் கேட்பார்: "மருந்து குடிச்சியா?" அவ்வளவுதான், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அவர் பக்கம். கத்துகிறவளுக்கு நோய், கத்த வைத்தவருக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் கையில் எந்த டாக்டர் பட்டை சுற்றினார்?

எனக்குத் திருச்சியில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்த சமயத்தில்தான் சிறுவாச்சூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. கரிசல் காடு, வற்றாத கிணறு, படித்த பெண்ணென்றால் முகம் சுளிக்கிற குடும்பம். அப்பா சரியென்றார். அம்மா முடியாதென்றாள். புள்ள படிச்சிட்டு வரட்டும், அப்புறம் எவனையாவது பாருங்க என்று அடுப்படியில் நின்று சொன்னாள், களத்து மேட்டில் நின்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அப்பா மருந்தை விசாரித்தார்.

வெற்றிலை மாற்றக் குறித்திருந்த காலையில் தக்கை பிடுங்கும் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். காகிதத்தின் ஒரு பல்லைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி மிக்சர் கிண்ணத்தில் இறங்கியது. மாத்திரையை அவர் தொடவே இல்லை. அது கொதிப்புக்கானது; அவருக்கு வேண்டியது வேறு. அம்மா எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். வெறுங்கிண்ணத்தோடு திரும்பியவரிடம், ஏம்ப்பா அவ்வளவு என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போயித் தலையப் பின்னு."

அவருக்குத்தான் ஒன்று மறந்துபோயிருந்தது. பெண்ணைப் பெற்றவள் கைநீட்டித் தட்டை வாங்காமல் எங்களில் வெற்றிலை மாறாது. அவள் வாயை அடைக்கத் தெரிந்தவருக்கு அவள் கால்களும் சேர்ந்து அடங்கும் என்று தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அம்மாவைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். கண் சொருகியிருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு புரளவில்லை. தட்டு கைநழுவி, தேங்காய் உருண்டு மாப்பிள்ளையின் அம்மா காலடியில் போய் நின்றது. கொதிப்புக்குக் குடித்த மருந்து மயக்கம், வேறொன்றுமில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல அந்த அம்மாள் முகம் இறுகியது.

"கொதிப்புங்கிறீங்க. எனக்குச் சித்தம் கலங்குன மாதிரில்ல தெரியுது. பொண்ணுக்கும் இது வராதுன்னு யாரு சொல்றது?"

தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நல்லதாய்ப் போயிற்றே என்பார்கள், இதைக் கேட்கிறவர்கள். என்ன நல்லது? அவள் தெளிவாய்ப் பேசிய எதற்கும் அசையாத கல்யாணம், அவள் பேச முடியாமல் தள்ளாடியதற்கு நின்றது. இப்போது எனக்கும் கொதிப்பு. இரண்டு மருந்தை ஒரே மாத்திரையாய் அடைத்துக் கொடுக்கிறார்கள். சரிதான், எவனாலும் பிரித்து ஊற்ற முடியாது.

அன்று அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும், நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. பாட்டிலை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

டிரெயினிங் சேரும் நாளில், பெட்ரோல் இல்லாமல் கரியடுப்பு வைத்து ஓட்டிய பஸ்ஸில் புகை தின்று அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனோம், மூவரும். நான் திருச்சி ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவள் படிப்பு முடிகிறவரை வாசலில் ஒரு வரனும் வந்து நிற்கக்கூடாது என்று அம்மா அப்பாவிடம் பேச ஆரம்பித்தாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மருந்து குடிச்சியா?"

வண்டி நகர்ந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாள்.

"மாத்திரை போட்டுட்டேங்க. மிக்சர வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். இன்னும் நெறய பேச வேண்டியிருக்கு."