சறுக்கும்போது யாரிடமும் கேட்கக் கூடாது

"சரி அண்ணி, வர்றேன்" என்று அன்றைக்கு எப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு இருமல் மருந்து மாற்ற வேண்டுமென்றால்கூட, டாக்டர் சொன்ன பிறகு என் அம்மாவுக்கு ஒரு போன், பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு வார்த்தை, கணவர் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் ஒரு தரம் என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பேன். அப்படிப்பட்டவளிடம், காரை வேண்டுமென்றே சறுக்க விடக் கற்றுத் தருகிறேன், வருகிறாயா என்று நாத்தனார் கேட்டார். நானும் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

ஒரு வருடமாக எனக்குள் ஒரு பயம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். கனகசெட்டிக்குளம் அருகே சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். கார் என் பேச்சைக் கேட்காமல் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வயது மகள் கைதட்டி, இன்னொரு வாட்டி என்றாள். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கணவரிடம் கொடுத்தவள் திரும்ப வாங்கவே இல்லை.

பிறகு மகள் லாஸ்பேட்டையில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரே ஆட்டோவில் அத்தனை பிள்ளைகள், வெளியே தொங்கும் பைகள். அதைப் பார்த்தாலும் பயம், நானே கொண்டுபோய் விடலாம் என்று நினைத்தாலும் பயம். அவளை உட்கார வைத்து என்னால் மறுபடி ஓட்ட முடியுமா? நாள் முழுக்க இதே யோசனைதான்.

நாத்தனார் என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர், உழவர்கரையில் வாங்கிய மனையில் வீடு கட்ட அந்த வருடம் வந்திருந்தார். தன் காரையும் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். கொஞ்ச காலத்தில் திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும் என்ற சுங்கத்துறை நிபந்தனை வேறு. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடித்துவிடலாம். பார்வைக்குத்தான் ஜம்பம், டவுன் பஸ்ஸே எங்களை முந்திவிடும். இதுக்குத் தெம்பே பத்தல என்று கணவர் கிண்டல் செய்தார்.

"அதனாலதான்டா இது கத்துக்க நல்ல வண்டி. தெம்பு இருக்கறது தானா சறுக்கும். இது நாம கேட்டாத்தான் சறுக்கும்," என்றார் நாத்தனார்.

பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற வண்டி அது. அதன் வால்பக்கத்தை வழுக்கவிட்டு, அப்படியே பிடித்து வளைத்துக்கொண்டு போவதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். அவர் இருந்தது பனி விழும் ஊர். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்பதால் கற்றுக்கொண்டாராம். அதைக் கேட்டதும் என் மனம் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தது.

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம்; கணவரும் மகளும் எங்கள் காரில் பின்னால் வந்தார்கள். மாமியார் அந்தச் சிவப்புக் காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இருபக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார். அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. மனைப்பிரிவில் நாத்தனார் வீட்டு அஸ்திவாரத்தைத் தவிர வேறு கட்டடமே கிடையாது. பூங்காவுக்கென்று விட்டிருந்த அகலமான செம்மண் தரை மழையில் நனைந்து கிடந்தது. கணவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு செங்கல் அடுக்கின் பக்கம் தள்ளி நின்றார்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால் கியரைத் தேடி இடது கையால் கதவை இடித்துக்கொண்டே இருந்தேன். செய்ய வேண்டியது கேட்க எளிது. இரண்டாவது கியரில் வளைவில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்பக்கம் போய், பின்பக்கம் லேசாகி வழுக்கும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, மெல்ல ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது.

முதல் பாதி எனக்கு உடனே வந்துவிட்டது. காலை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நாத்தனார் சொன்னார். இரண்டாவது பாதிதான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கார் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றது, கனகசெட்டிக்குளத்தில் நின்றதைப் போலவே. ஒரு சுழலில் வாழைக்கன்று ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ஏம்மா, வண்டி ஓட்றியா, மாவு ஆட்றியா?" என்று கணவர் அங்கிருந்தே கேட்டார்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"வண்டி சறுக்கறப்ப நீ என்னா பண்ற தெரியுமா? என் மூஞ்சியப் பாத்து 'சரியா அண்ணி'ன்னு கேக்கற. நான் சரின்னு சொல்றதுக்குள்ள அது சுத்திடுதும்மா."

எனக்கே தெரியாமல் கேட்டிருக்கிறேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். "இனிமே கேக்க ஆளில்ல. அலே, போ."

அலே என்றால் பிரெஞ்சில் கிளம்பு என்று அர்த்தம். தன் பிள்ளைகளை விரட்டவும் அதையேதான் சொல்வார்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. திரும்பினேன், காலை எடுத்தேன். வால் போனது. இடுப்புக்குக் கீழே யாரோ இருக்கையைப் பக்கவாட்டில் இழுப்பது போல் இருந்தது. கைகள் ஸ்டியரிங்கைத் திருப்பின. கால் பிரேக்குக்குப் போகவில்லை, ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தியது. முன்கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டிய பாதை பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. கார் பக்கவாட்டிலேயே ஒரு வளைவு போய், நேரானது. நின்றபோது போன திசையைத்தான் பார்த்து நின்றது. மகள் தன் அப்பாவின் தலைமுடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்று மாலை இன்னொரு வாழைக்கன்று எங்கே என்று மாமியார் கேட்க, மாடு தின்றுவிட்டது என்றார் கணவர்.

ஐப்பசி மழையில் ஒரு காலை ஆட்டோ வரவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். யாருக்கும் போன் செய்யாமல் எங்கள் காரின் சாவியை எடுத்து, மகளைப் பின்னால் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். வழியில் தண்ணீர் தேங்கிய ஒரு திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். கார் கொஞ்சம்கூட வழுக்கவில்லை. மகள் ஏமாற்றத்தோடு, "சுத்தலையா?" என்றாள். பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். அடுத்த நாள் ஆட்டோக்காரரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார் காரோடு திரும்பிப் போய்விட்டார். மகளுக்கு இப்போது ஆறு வயது. நான் காரைச் சறுக்கவிட வேண்டும், தான் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறாள். எங்கள் கார் முன்சக்கரம் இழுக்கும் வகை, அதில் இந்த வித்தை செல்லாது என்கிறார் கணவர். காலி மைதானத்தில் மெதுவாகப் பழகிக்கொள், அவளையும் கூட்டிப் போ என்று போனில் சொல்கிறார் நாத்தனார். என் அம்மாவிடம் கேட்டேன், போனையே வைத்துவிட்டார். முன்சக்கர வண்டி ஓட்டி விவரம் தெரிந்தவர்கள், அதிலும் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால், மழை பிடிப்பதற்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?